ஒரு மேற்கோளும் மூன்று பாடவேளைகளும்: பள்ளி நூலகர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"தேனீக்கள் பூமியிலிருந்து மறைந்துவிட்டால் மனிதன் நான்கே ஆண்டுகள்தான் உயிர்வாழ்வான் – ஐன்ஸ்டீன்."

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் செயல்திட்டக் கட்டுரையை இந்த வரியோடு தொடங்கியிருந்தாள். அறிவியல் ஆசிரியரான நான் அதை வாசித்துவிட்டு ஓரத்தில் 'நல்ல தொடக்கம்' என்று எழுதினேன். இதே வரி என் வகுப்பறைச் சுவரொட்டியில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அவள் எடுத்ததே அங்கிருந்துதான்.

அடுத்து வந்த மூன்று நூலகப் பாடவேளைகளில் அந்த வரிக்கும் அந்தக் கட்டுரைக்கும் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். மூன்றிலும் நான் உடன் இருந்தேன்; அன்றன்று நடந்ததை அன்றன்றே குறித்து வைத்தேன். மாணவியும் நூலகரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களும் பள்ளியும் இதற்குத் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூலகர் என்றால் புத்தகம் கொடுப்பவர், திரும்ப வாங்குபவர், பதிவேடு எழுதுபவர், சத்தம் போடாமல் பார்த்துக்கொள்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேடுபொறி வந்த பிறகு மாணவர்களுக்குத் தகவல் தேடித்தர ஓர் ஆள் எதற்கு என்று ஆசிரியர் கூட்டத்திலேயே ஒருமுறை கேட்டிருக்கிறேன். நூலகப் பாடவேளையை வேறு பாடத்துக்குத் தரலாம் என்ற யோசனைக்கும் தலையாட்டியிருக்கிறேன். இதை எழுதும்போது அதற்காக வருந்துகிறேன்.

எப்படி வந்தது

நான் கொடுத்த தலைப்பு 'தேனீக்கள்' என்ற ஒற்றைச் சொல். ஐந்து பக்கம், இரண்டு வாரம். இந்த மாணவி சோம்பேறி இல்லை. பதினொரு தாள்களை அச்செடுத்து, முக்கியமான இடங்களில் வண்ணக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஆனால் அந்தத் தாள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போல இருந்தன. சில பத்திகள் சொல்லுக்குச் சொல் ஒன்றே. அதற்குள்ளும் ஒரு முரண். ஒரு தாளில் 'நம் உணவில் 75 சதவீதம் தேனீக்களால் கிடைக்கிறது' என்றிருந்தது. இன்னொன்றில் 'மூன்றில் ஒரு பங்கு'. இரண்டில் எதை எழுதுவது என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. "நூலகத்தில் கேட்டுப் பார்" என்றேன். கேள்வியைத் தள்ளிவிடுவதற்காகச் சொன்னதுதான். அந்த நேரம் எனக்கு வகுப்பு இல்லாததால் நானும் கூடப் போனேன்.

முதல் நாள்

நூலகர் அந்தப் பதினொரு தாள்களையும் வாங்கினார், வாசிக்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதில எது உனக்கு ஆச்சரியமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்படி ஒரு கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாலு வருஷம்னு சொல்லியிருக்காங்க டீச்சர். அஞ்சு இல்ல, பத்து இல்ல, நாலு. அதை எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு தெரியல."

பதினொரு தாளுக்கு அடியில் இப்படி ஒரு கேள்வி கிடந்திருக்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கச் சொல்லவில்லை. 1968இல் ராபர்ட் டெய்லர் என்ற நூலகவியல் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவருடைய தகவல் தேவை நான்கு படிகளைக் கடந்து வருகிறது என்பது அவர் கருத்து: சொல்லத் தெரியாத ஓர் உறுத்தல், மனதுக்குள் தெளிவில்லாமல் ஓடும் எண்ணம், வார்த்தையாக வடித்த கேள்வி, கடைசியாக 'இங்கே இதுதான் கிடைக்கும்' என்று நினைத்துச் சுருக்கிக் கேட்கும் கேள்வி. நூலகரின் மேசைக்கு வந்து சேருவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விதான். நல்ல நூலகர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து முதல் உறுத்தலைத் தேடுகிறார். அன்று என் கண்முன் நடந்தது இதுதான். தேடுபொறிக்கு நாம் கொடுக்கும் சொற்கள் மட்டும்தான் தெரியும். நாம் கேட்காமல் விட்டது தெரியாது.

அடுத்து, "எந்தத் தேனீ?" என்றார் நூலகர். தேனீ என்றால் தேனீதானே என்றாள் மாணவி. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் நாம் பெட்டியில் வளர்த்துத் தேன் எடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களை மட்டுமே. இதை நூலகர் விளக்கிச் சொல்லவில்லை. 'எந்தத் தேனீ' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மாணவியின் நோட்டில் ஒட்டினார். அந்தத் துண்டுத்தாள் மூன்றாம் நாள் வேலைக்கு வந்தது.

அப்புறம் அலமாரிக்குப் போனார்கள். தேனீ என்றதும் மாணவி பூச்சிகள் அலமாரிக்குத்தான் போவாள், அங்கே இரண்டு புத்தகங்களைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதான்' என்று திரும்புவாள். புத்தகங்களை எண்ணிட்டு அடுக்கும் ட்யூயி தசம வகைப்பாட்டில் தேனீ ஒரே இடத்தில் இல்லை என்று நூலகர் காட்டினார். பூச்சியாக அது 595.799இல் இருக்கிறது. வளர்ப்புத் தொழிலாக 638.1. பூச்சிக்கொல்லி பற்றி வேண்டுமானால் 632. இந்த வகைப்பாடு உலகை அறிவுத்துறைகளாகப் பிரித்து அடுக்குகிறது, பொருள்களாகப் பிரிக்கவில்லை. ஒரே உயிர் மூன்று துறைகளில் மூன்று விதமாகப் பார்க்கப்படுகிறது. அந்த மூன்று அலமாரிகளுக்கும் நடந்து போனபோதே கட்டுரைக்கு மூன்று கோணங்கள் கிடைத்துவிட்டன. பதினைந்து ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கும் நான், அந்த எண்களைப் புத்தகத்தைத் திரும்ப வைப்பதற்கான முகவரி என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அன்று ஒரு தவறும் நடந்தது. நூலகர் முதலில் எடுத்துக் கொடுத்த கலைக்களஞ்சியம் பழைய பதிப்பு. 2006–07 குளிர்காலத்தில் அமெரிக்காவில் வேலைக்காரத் தேனீக்கள் கூட்டங்கூட்டமாகக் கூட்டை விட்டுக் காணாமல் போனதும், உலகமே அதைப் பற்றிப் பேசியதும் அதில் இல்லை. மாணவிதான் கண்டுபிடித்தாள். "ஆண்டைப் பார்க்காம குடுத்துட்டேன், என் தப்பு" என்று உடனே சொன்னார் நூலகர். பிறகு, இந்தப் புத்தகத்தில் எது இன்னும் செல்லும், எது காலாவதியாகிவிட்டது என்று இருவரும் பிரித்துப் பார்த்தார்கள். தேனீயின் உடலமைப்பு செல்லும். எண்ணிக்கைகள் செல்லாது. திட்டமிட்டு நடத்திய பாடத்தைவிட இந்தப் பத்து நிமிடம் அவளுக்கு நன்றாகப் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள்: வரி விழுந்தது

நூலகர் அன்று கேட்டது மூன்றே சொல்: எங்கே? எப்போது? யாரிடம்?

ஐன்ஸ்டீன் இதை ஒரு நூலில் எழுதினாரா, கடிதத்தில் எழுதினாரா, மேடையில் பேசினாரா? மாணவி கணினியில் தேடினாள். வரி நூற்றுக்கணக்கான பக்கங்களில் வந்தது. எல்லாவற்றிலும் அவர் படம் இருந்தது. இடமும் ஆண்டும் மட்டும் எங்கும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கம் அழகாக இருந்தால், இறுதியில் அமைப்பின் பெயர் இருந்தால் நம்பினாள்.

நூலகர் தடுத்தார். "பக்கத்துக்குள்ளேயே உக்காந்து அதை நம்பலாமான்னு தேடாதே. வெளிய வந்து, மத்தவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாரு."

இதற்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே தங்கி அதன் தோற்றத்தில் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்தப் பக்கத்தை நடத்துவது யார் என்று பிறர் வாயிலாகத் தெரிந்துகொண்டார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களே தடுமாறும் இடத்தில் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை 'இணையத்தில் பார்த்துக்கொள்' என்று அனுப்பிய என்னை நினைத்துப் பார்த்தேன். அதே ஸ்டான்ஃபோர்டு குழு 2016இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் 'விளம்பரதாரர் உள்ளடக்கம்' என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட விளம்பரத்தைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். கையில் கருவி இருப்பதால் தேடத் தெரியும் என்று ஆகிவிடாது.

வெளியே வந்து தேடியதும் விடை விரைவாகக் கிடைத்தது. ஐன்ஸ்டீனின் எழுத்துகளிலோ உரைகளிலோ இப்படி ஒரு வரி இருப்பதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை. அவர் இறந்தது 1955இல். இந்த வரி பலர் கண்ணில் பட்ட ஓர் இடம், 1994இல் பிரஸ்ஸல்ஸில் தேனீ வளர்ப்போர் நடத்திய போராட்டத்தின் துண்டறிக்கை. அவர் இயற்பியலாளர், தேனீ ஆய்வாளர் அல்லர் என்பதை அதற்குப் பிறகுதான் மாணவி யோசித்தாள்.

யோசித்ததும் முகம் வாடிவிட்டது. "அப்போ என் புராஜெக்ட் போச்சா டீச்சர்? வேற தலைப்பு எடுத்துக்கட்டுமா?"

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கரோல் குல்தாவ் என்ற நூலகவியல் பேராசிரியர் 1980களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் கட்டுரைக்குத் தகவல் தேடும்போது என்ன செய்கிறார்கள் என்பதோடு என்ன உணர்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தார். தகவல் சேரச்சேரத் தெளிவும் நம்பிக்கையும் சீராக ஏறும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் கண்டது வேறு. தலைப்பைத் தேர்ந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. ஆனால் ஆராயத் தொடங்கியதும் முரண்பட்ட தகவல்கள் எதிரே வந்து நிற்க, குழப்பமும் சந்தேகமும் மறுபடி ஏறுகின்றன. மாணவர்கள் தலைப்பை மாற்றுவதும், கிடைத்ததை ஒட்டிக் கொடுத்துவிடுவதும் இந்தப் பள்ளத்தில் விழும்போதுதான். தேடலின் நடுவில் வரும் இந்தத் தவிப்பு தேடலின் இயல்பான பகுதி என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியர்களான நாம் இந்தப் பள்ளத்தைப் பார்ப்பதே இல்லை. நாம் தலைப்பைக் கொடுக்கும் நாளில் இருக்கிறோம், கட்டுரையை வாங்கும் நாளில் இருக்கிறோம். நடுவில் மாணவர் தனியாக இருக்கிறார். அந்த நடுவில், யாராவது இருந்தால் அது நூலகர்தான்.

அவர் தட்டிக்கொடுக்கவில்லை, உற்சாக வார்த்தை எதுவும் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, "நேத்து உனக்குத் தெரியாத, இன்னைக்குத் தெரிஞ்ச விஷயம் மூணு எழுது" என்றார். எழுதினாள். மூன்றாவதாக அவள் எழுதியது: 'எல்லாரும் சொல்கிறார்கள் என்பதால் அவர் சொன்னதாக ஆகாது.' நூலகர் அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த வரியைத் தூக்கிப் போடாதே. அது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடுனியே, அதை அப்படியே எழுது. அதான் உன் முதல் பக்கம்."

நானாக இருந்தால் முதல் நாளே 'அது பொய்யான மேற்கோள்' என்று சொல்லி, அடித்துவிட்டு மேலே போகச் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்திருந்தால், அதுவும். நூலகருக்கு முதல் நாளே தெரியும் என்று பிறகு சொன்னார். சொல்லாமல் வைத்திருந்தார். எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. ஒரு நொடியில் சொல்லக்கூடியதை நாற்பது நிமிடம் தேடவிட்டது அந்த விதிக்கு எதிரானது போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த மேற்கோளுக்கு, அதற்கடுத்த மேற்கோளுக்கு அவளுக்கு ஆகப்போகும் நேரத்தை அவர் அன்று காப்பாற்றினார்.

மூன்றாம் நாள்: 75 சதவீதமா, மூன்றில் ஒரு பங்கா?

இனி அந்த முரண். மாணவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயாராக வந்திருந்தாள். "ரெண்டும் சரியா இருந்தா?" என்றார் நூலகர்.

முதலில் தேடும் சொற்களை மாற்றச் சொன்னார். 'தேனீ அழிவு' என்று தேடினால் அழிவைப் பற்றிப் பேசும் பக்கங்கள் வரும். கேள்விக்குள் நாம் வைத்த அனுமானமே விடையாகத் திரும்புகிறது. 'மகரந்தச் சேர்க்கை', 'பயிர் விளைச்சல்' என்று ஆய்வாளர்கள் புழங்கும் சொற்களைப் போட்டதும் பக்கங்களின் தரமே மாறியது. இந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைத்தன? முதல் நாள் எடுத்த தேனீ வளர்ப்பு நூலின் பின்னால் இருந்த சொல்லடைவிலிருந்து. அச்சுப் புத்தகம் இணையத் தேடலுக்குச் சாவி கொடுத்தது. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் போனதில் பல இடங்களில் ஒரே ஆய்வு சுட்டப்பட்டிருந்தது: 2007இல் வெளியானது, உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களைப் பற்றியது. அதன் சுருக்கத்தை நூலகரும் மாணவியும் வரிவரியாக வாசித்தார்கள். 115இல் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் தேனீ உள்ளிட்ட விலங்குகளால் நடக்கும் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. ஆனால் உற்பத்தி அளவில் பார்த்தால் 35 சதவீதம்தான், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அப்படிப்பட்ட பயிர்களிலிருந்து வருகிறது. 60 சதவீதம் அந்த உதவியே தேவையில்லாத பயிர்களிலிருந்து வருகிறது. மீதி 5 சதவீதம் மதிப்பிடப்படவில்லை.

மாணவி 87ஐ 115ஆல் வகுத்தாள். 75.65.

இரண்டு எண்ணும் ஒரே இடத்தில் பிறந்தவை. ஒன்று எத்தனை வகைப் பயிர் என்பதற்கான விடை, மற்றது எவ்வளவு விளைச்சல் என்பதற்கான விடை. யாரோ ஒருவர் 'பயிர் வகைகளில்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'உணவில்' என்று எழுதியிருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைபவை, மக்காச்சோளத்துக்குக் காற்று போதும் என்று நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் 75 சதவீதம் என்பதை வாசித்தபோது அந்தப் பாடம் எனக்கே நினைவுக்கு வரவில்லை. 'நம்பியிருக்கின்றன' என்பதற்கும் 'இல்லாவிட்டால் விளையாது' என்பதற்கும் இடையே தூரம் உண்டு என்பதையும் மாணவியே தொடர்ந்து தேடிக் கண்டாள். பல்லுயிர் பற்றிய பன்னாட்டு அறிவியல் குழுவான ஐபிபிஇஎஸ் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பயிர் உற்பத்தியில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையால் நேரடியாகக் கிடைப்பது 5 முதல் 8 சதவீதம்.

அப்புறம் அந்தத் துண்டுத்தாள். எந்தத் தேனீ? மனிதர் வளர்க்கும் தேனீக்களின் கூடுகள் உலக அளவில் அரை நூற்றாண்டில் சுமார் 45 சதவீதம் கூடியிருப்பதாக 2009இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சில நாடுகளில் குறைந்திருக்கிறது, மொத்தத்தில் கூடியிருக்கிறது. கவலை அதிகம் காட்டுத் தேனீக்களைப் பற்றித்தான், அவற்றை எண்ணுவதும் கடினம். 'தேனீக்கள் அழிகின்றன' என்று அவள் தொடங்கிய வாக்கியம் இப்போது மூன்று வாக்கியங்களாகப் பிரிந்தது.

காரணங்களைப் பற்றி அன்று நேரம் போதவில்லை. ஒட்டுண்ணி உண்ணி, நோய், வாழிடம் சுருங்குதல், பூச்சிக்கொல்லி என்று பட்டியலோடு நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மூன்று நியோனிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்த செய்தியைப் பார்த்தாள். ஒரு பக்கத்தை எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும் என்று நூலகர் சொன்னதோடு மணி அடித்துவிட்டது.

கட்டுரை

ஐந்து பக்கம் நான்கு பக்கமாகக் குறைந்தது. தலைப்பு, 'தேனீக்கள் குறைந்தால் முதலில் எது குறையும்?' முதல் பக்கத்தில் மேற்கோளின் கதை. நடுவில் 87, 115, 35, 60 என்ற எண்களை வைத்து அவளே வரைந்த இரண்டு வட்ட விளக்கப்படங்கள். ஒன்று வகைக்கு, ஒன்று அளவுக்கு. முடிவில், தானியங்கள் தப்பும், பழங்களும் காய்களும் கொட்டைப் பருப்புகளும் குறையும், வயிறு நிறைந்தாலும் ஊட்டச்சத்து குறையலாம் என்று எழுதியிருந்தாள். நடையில் குறைகள் உண்டு. காரணங்கள் பகுதி மெலிந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடிந்தது. வகுப்பில் மற்றவர்களின் கட்டுரைகளில் பலவும் அதே மேற்கோளோடு தொடங்கின, அதே 75 சதவீதத்தோடு முடிந்தன. அது அவர்கள் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாணவியை வைத்து எல்லாப் பள்ளிகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. அவள் ஆர்வமுள்ளவள்; அந்த மூன்று நாளும் நூலகத்தில் கூட்டம் இல்லை. பெரிய அளவிலான ஆய்வுகள் இல்லாமல் இல்லை. கீத் கரி லான்ஸ் தலைமையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு, நல்ல பணியாளர்களும் நல்ல தொகுப்பும் உள்ள பள்ளி நூலகங்களுக்கும் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த எச்சரிக்கையும் நான் நூலகரிடம் கற்றதுதான். மதிப்பெண்ணை விட்டுவிட்டுச் சொல்வதென்றால், ஒரு பிள்ளை தன் கேள்வியைக் கண்டுபிடிப்பதை அருகில் இருந்து பார்த்தேன். அதைச் செய்ய ஒரு பயிற்சி பெற்ற ஆள், நேரம், மேசை மூன்றும் தேவைப்பட்டன. புத்தகங்கள் இருக்கின்றன, கணினி இருக்கிறது, நூலகர் பணியிடத்தைக் காலியாக வைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் அந்த மூன்றில் முதலாவதைத்தான் எடுத்துவிடுகிறார்கள்.

என் பக்கம் மாறியவை சில. கடைசி நாள் நூலகர் என்னிடம் தயங்கித்தான் கேட்டார்: "சார், அடுத்த தடவை தலைப்பை ஒரு கேள்வியா குடுக்க முடியுமா? ஒரு வாரம் முன்னாடி எங்கிட்டயும் சொல்லிடுங்க." இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அவரிடம் முன்கூட்டிச் சொன்னதில்லை. இப்போது செயல்திட்டங்களை இருவரும் சேர்ந்தே அமைக்கிறோம். தேடலின் நடுவில், கட்டுரை வருவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு மாணவரும் நூலகரோடு பத்து நிமிடம் பேச வேண்டும். பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது; தகவல் வந்த வழியை எழுதினால் உண்டு. நூலகப் பாடவேளையை வேறு பாடத்துக்குத் தரும் பேச்சு மறுபடி வந்தபோது, கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்தேன்.

சுவரொட்டியைக் கழற்றிக் குப்பையில் போடப் போனேன். நூலகர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது நூலகத்தில், கணினிகளுக்கு மேலே தொங்குகிறது. அடியில் அந்த மாணவியின் கையெழுத்தில் ஒரு வெள்ளைத் தாள்: 'எங்கே? எப்போது? யாரிடம்?'